விஜிலாவைத் தக்கவைத்த கதை

விஜிலா பி.காம். தேறிவிட்டாள் என்று ரிசல்ட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையிலேயே பல்கலைக்கழகத்திலிருந்து துக்கம் விசாரித்துப் போன் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவள் ஹார்பர் ரோட்டில் தான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் மேஜை மேஜையாக முந்திரி மக்ரூன் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் என்று அந்த ஆபீஸில் சேர்ந்தவள். அப்புறம் சரக்குக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் அலையும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. டாக்குமெண்ட் செக்ஷனில் ஏ.சி. உண்டு, நல்ல சம்பளம் உண்டு. ஆனால் அங்கே உட்காருகிறவர் கஸ்டம்ஸ் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு டிகிரி வேண்டும். அந்தச் செக்ஷனில் இரண்டு பேர் துபாய்க்குப் போகிறார்கள். முதலாளி ஜேசுபாதம் அண்ணாச்சி நாசரேத்துக்காரர், சொன்ன சொல் மாறாதவர். "ஏளா விஜிலா, ரெண்டு சேருல ஒண்ணு ஒனக்கு. மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட்ட என் மேசையில வச்சிரணும், அம்புட்டுதான்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த மக்ரூன்.

"விஜிலா மேமா? நா பெவின் பேசுதேன். கீழைக்கடல் இணையவழிப் பல்கலைக்கழகம், தக்கவைப்பு மற்றும் வெற்றி இயக்ககத்துல இருந்து. ஒங்களுக்கு ஒதுக்கின வெற்றித் தோழன் நாந்தான். வருத்தமான செய்தி ஒண்ணு கேள்விப்பட்டோம்."

"என்ன வருத்தம் தம்பி?"

"நீங்க எங்கள விட்டுப் போறியளாமே."

"நா எங்க போறேன்? பாஸாயிருக்கேன். சர்ட்டிபிகேட் எப்ப வரும்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "பாஸாயிட்டேன்னுதான் மேம் எல்லாருமே மொதல்ல சொல்லுவாவ. உண்மைக் காரணத்தச் சொல்லுங்க. வீட்டுல பிரச்சினையா? ஒடம்புக்கு முடியலியா? நெட்டு கிடைக்கலியா?"

"படிச்சு முடிச்சிட்டேன். அதான் காரணம்."

"அப்படி ஒரு காரணம் எங்க சிஸ்டத்துல இல்லியே மேம். 'இதர'ன்னு போட்டுக்கிடட்டுமா?"

கையில் மக்ரூன் தட்டு இருந்த அவசரத்தில் விஜிலா சரி என்று சொல்லிவிட்டாள். மனுஷிக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

இந்த இயக்ககத்தின் பூர்வோத்தரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கீழைக்கடல் இணையவழிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேருவார்கள், பாதியில் காணாமல் போவார்கள். இதைப் பற்றிப் பத்திரிகைகளில் கண்டபடி எழுதினார்கள். மாணவர்களைத் தக்கவைத்தால்தான் நட்சத்திரம் தருவோம் என்று தரம் பார்க்கிற குழு ஒன்று மேலே இருந்து கட்டளையிட்டது. உடனே ஓர் இயக்ககம் திறந்து, டாக்டர் ஈவாஞ்சலினை இயக்குநராகப் போட்டார்கள். அவர் சாத்தான்குளத்து ஆசிரியர் குடும்பம். மூன்று தலைமுறையாக யாரையாவது எங்கேயாவது உட்காரவைத்தே பழகியவர்கள். அம்மாள் வெளிநாட்டில் போய்க் கைவிடாமையைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்.

அவர் வந்த முதல் வருஷமே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். வருஷத் தொடக்கத்தில் எத்தனை தலை, வருஷக் கடைசியில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்தார். பெயிலானவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பரீட்சைக்கே வராதவர்கள் அவர்களைவிட உறுதியாக இருந்தார்கள். வருஷா வருஷம் பீஸ் கட்டுவார்கள், தொந்தரவு கிடையாது. ஆனால் பாஸானவர்கள்? ஒருவர் பாக்கியில்லாமல் போய்விட்டார்கள்! "இடைநிற்றலுக்கு முதற்காரணம் தேர்ச்சி" என்று வழவழப்பான தாளில் அறிக்கை அச்சிட்டுக் குழுவின் முன் வைத்தார் அம்மாள். குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. மதியச் சாப்பாடு போட்டார்கள், நட்சத்திரமும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இயக்ககத்தின் கவனமெல்லாம் பாஸாகிறவர்கள் மேல்தான்.

வியாழக்கிழமை விஜிலாவுக்கு மனநல ஆலோசனை. செல்போன் திரையில் வந்த ஆலோசகர் அம்மாள் முதலில் மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். அப்புறம், "வெளி உலகத்தை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று உருக்கமாகக் கேட்டாள்.

"நா வெளியதாம்மா நிக்கேன்" என்றாள் விஜிலா. நிஜமாகவே அவள் துறைமுக வாசலில், உப்பு லாரிகளுக்கு நடுவே, கேட் பாஸுக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். நோய் முற்றிய நிலையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள் என்றும், இந்த மாணவி கைமீறிப் போவதற்குள் குடும்பத்தைச் சந்திப்பது நல்லது என்றும் பரிந்துரை எழுதினாள்.

அதோடு காலையும் மாலையும் செய்தி வர ஆரம்பித்தது. "விஜிலா, உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது." கூடவே ஒரு நாற்காலியின் படம். மூன்று வருஷமும் செல்போனிலேயே படித்தவள் அவள்; வீடியோவை ஆபீஸில் இறக்கி வைத்துக்கொண்டு, காலையில் சோறு வடியும்போதும் பஸ்ஸிலும் பார்த்துப் படித்தவள். இணையவழிப் பல்கலைக்கழகத்தில் தனக்கு நாற்காலி எங்கேயிருந்து முளைத்தது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

அடுத்த வாரம் அவள் வீடு இருக்கும் திரேஸ்புரத்துக்கே வேன் வந்துவிட்டது.

காலை நேரம். வள்ளங்கள் கரை பிடித்து, மீன் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விஜிலாவின் புருஷன் வளன் அப்போதுதான் வலையை இறக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "கைவிடமாட்டோம்" என்று பேனர் கட்டிய வெள்ளை வேன் ஏலக்கூட்டத்துக்குள் புகுந்து நின்றது. அதிலிருந்து பேண்டு வாத்தியக்காரர்கள் இறங்கினார்கள். பின்னாலேயே கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பெவின் இறங்கினான். பார்க்கப் பாவமாக இருந்தான். மீன் கவிச்சி தாங்காமல் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்தான். மைக்கில் அறிவித்தான்: "திரேஸ்புரம் விஜிலா அவர்களே! நீங்கள் தனியாக இல்லை! உங்கள் தோல்வியில் நாங்கள் பங்கெடுக்கிறோம்!"

ஏலம் நின்றுவிட்டது. சாளை மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்ற ஞானபாய் அக்கா, அந்தக் கரையில் யாரையும் எடுத்தெறிந்து பேசக்கூடியவள், வாயில் கை வைத்துவிட்டாள். ஓட்டமும் நடையுமாக விஜிலாவின் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஆபீஸுக்குப் புறப்பட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏளா, பெயிலாயிட்டியாளா? அழாத. எம் மவன் எத்தன தடவ பெயிலானான், ஒரு வேனு வந்துச்சா? ஒனக்காவது பேண்டு வாசிக்காவ."

"நா பாஸுக்கா! பாஸ்!"

"சரிம்மா, பாஸுதான். மனசத் தேத்திக்கோ."

விஜிலாவுக்கு அவமானத்தில் காது அடைத்துப்போயிற்று. பாஸான அன்றைக்கு இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் அவள் சொல்லவில்லை; சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் மாதா கோயிலில் வைத்து எடுத்துவந்து, எல்லாருக்கும் காட்டலாம் என்று வைத்திருந்தாள். இப்போது பெயிலானவள் என்று பேண்டு வாசித்துச் சொல்லியாகிவிட்டது.

பெவின் அதற்குள் வளனைப் பிடித்துக்கொண்டான். "சார், ஒங்க மனைவி படிக்கதுக்கு வீட்டுல ஆதரவு இருக்கா?"

"அவதான் படிச்சு முடிச்சிட்டாளே" என்றான் வளன்.

"இனிமேப் படிக்க வேண்டாம்னு நெனைக்கியளா?"

"முடிஞ்சத எதுக்குவே திரும்பப் படிக்கணும்? சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டுப் போங்க."

பெவின் செல்போனில் எதையோ தட்டினான். அன்று மத்தியானமே விஜிலாவுக்குச் செய்தி வந்தது. கணவர் கல்விக்குத் தடையாக இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது, பெண்கள் உதவி எண் இது, அச்சப்படாமல் பேசவும். அதோடு ஒரு பை. அதில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மஞ்சள் பனியன். பனியனில் கொட்டை எழுத்தில் "நான் போகமாட்டேன்."

பொறுத்தது போதும் என்று விஜிலா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கே போனாள். ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். முன்னால் புல்தரை, புல்தரை நடுவே செயற்கை நீரூற்று. வாசல் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"மாணவியா? உள்ள விடமாட்டாவம்மா."

"ஏன்? நா இங்கதான் படிச்சேன்."

"இது இணையவழிப் பல்கலைக்கழகம்லா? மாணவங்க நேருல வந்தா கொள்கைக்கு விரோதம். யாரையாவது பாக்கணும்னா ஆன்லைன்ல வாங்க."

"நீங்க நேருலதான நிக்கிய?"

"நா மாணவன் இல்லியே" என்றார் அவர், நியாயமாக.

அவள் எதிரே இருந்த கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, செல்போனில் லாகின் செய்து, பெவினிடம் பேச நேரம் கேட்டாள். நேரம் கிடைத்தது. திரையில் பெவின் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நீரூற்று தெரிந்தது. விஜிலா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது மாடி ஜன்னலில் பெவினின் பிடரி தெரிந்தது.

"தம்பி, திரும்பிப் பாருங்க. நா கீழதான் நிக்கேன்."

பெவின் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில், "மேம், பாத்தா ஆபீஸ்ல வச்சி நேர்முகச் சந்திப்புன்னு ஆயிரும். எனக்கு வேல போயிரும்" என்றான். அவன் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது. "ஒண்ணு சொல்லுதேன். வர்ற சனிக்கிழம தொடர்வோர் திருவிழா. அழைப்பு ஒங்களுக்கும் வரும். சான்றிதழ் வழங்கப்படும்னு அதுல போட்டிருக்கும். கட்டாயம் வந்துருங்க."

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அசட்டு மனசு! கரும்புச்சாறு ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு சந்தோஷமாக ஆபீஸுக்குப் போனாள்.

சனிக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்து வழிந்தது. விஜிலா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வளன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் ஆத்தூர்க்காரர் ஒருவர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். விஜிலா அவரிடம், "நீங்க எப்ப முடிச்சிய?" என்று கேட்டாள்.

"அது ஆச்சும்மா, எத்தனையோ வருசம். நா முடிச்ச பொறவுதான் எம் மவன் சேந்தான். அவனும் முடிச்சிட்டான். இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் வாரோம். சர்ட்டிபிகேட் எங்க கெடைக்கு? சாப்பாடு நல்லாருக்கும், அதுக்காவத்தான் வாரது."

விஜிலா அழைப்பிதழை எடுத்து, 'சான்றிதழ் வழங்கப்படும்' என்ற வரியை மறுபடியும் படித்தாள். மேடையில் டாக்டர் ஈவாஞ்சலின் எழுந்தார். வெளிர் நீலப் புடவை, கனிவான முகம். அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்து யாருக்கும் கோபப்படத் தோன்றாது. அதுதான் அந்த அம்மாளின் பலம்.

"அன்பு மாணவச் செல்வங்களே! மற்றப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன? ஒரு மாணவர் படித்து முடித்ததும் அவருக்கு ஒரு கறுப்பு அங்கியை மாட்டி, கையில் ஒரு தாளைத் திணித்து, போட்டோ எடுத்து, வாசலைக் காட்டிவிடுகின்றன. இந்தக் கொடுமைக்குப் பட்டமளிப்பு விழா என்று கௌரவமான பெயர் வேறு. நாம் அப்படிச் செய்வோமா? ஒரு தாய் தன் பிள்ளையை, நீ வளர்ந்துவிட்டாய், வெளியே போ என்பாளா?"

கைதட்டல் எழுந்தது. சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது.

"நம்மிடம் வந்தவர் நம்மிடமே இருப்பார். சென்ற ஆண்டு காலமான ஒரு மாணவரைக்கூட நாம் இழந்துவிடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லுகிறேன். அவருடைய மகன் தந்தையின் பெயரில் நாள்தோறும் லாகின் செய்கிறார். அந்தக் குடும்பத்துக்கு நாம் கொடுத்த ஆறுதல் அது! வேலை, சம்பளம், பதவி உயர்வு, இவையெல்லாம் மாணவர்களை நம்மிடமிருந்து பிரிக்கும் தீய சக்திகள். அவற்றை எதிர்த்து நம் வெற்றித் தோழர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் நம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தோம். பட்டம் வாங்கியவர்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை."

இதற்கும் கைதட்டினார்கள். பிறகு பெயர்களைக் கூப்பிட்டார்கள். விஜிலா மேடையேறினாள். கையில் கொடுத்த சான்றிதழை அங்கேயே நின்று படித்தாள். "தொடர்ச்சிச் சான்றிதழ்: விஜிலா என்பவர் நம்மோடு தொடர்கிறார் என்று மகிழ்ச்சியுடன் சான்றளிக்கப்படுகிறது."

"இது இல்லம்மா. என் டிகிரி எங்க? எனக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும். வேல இதுலதான் இருக்கு" என்றாள்.

டாக்டர் ஈவாஞ்சலின் அவள் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பாருங்கள்! இந்தச் சகோதரிக்குத்தான் எவ்வளவு ஈடுபாடு! மேடையிலேயே கேள்வி கேட்கிறார்!" மண்டபம் அதிரக் கைதட்டியது. ஆத்தூர்க்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

விஜிலாவும் வளனும் பிரியாணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மாசக் கடைசி நெருங்கியது. இரண்டு நாற்காலியில் ஒன்றுக்கு டேவிட்சன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். முப்பது வயதிருக்கும், நன்றாகச் சட்டை போட்டிருந்தான். லேமினேஷன் செய்த டிகிரி சர்ட்டிபிகேட்டை அண்ணாச்சி மேஜையில் வைத்தான். டீயோடு உள்ளே போன விஜிலா அதை எட்டிப் பார்த்து அசந்துபோனாள். கீழைக்கடல் இணையவழிப் பல்கலைக்கழகம். பி.காம். முதல் வகுப்பு. மூன்று வருஷம் அங்கே படித்தும் அந்தச் சர்ட்டிபிகேட் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள்.

அவன் வெளியே வந்ததும், "ஒங்களுக்கு வெற்றித் தோழன் யாரு?" என்று ஆசையோடு கேட்டாள்.

"அப்படின்னா?"

"வேன் வந்திச்சா ஒங்க வீட்டுக்கு? மஞ்சப் பனியன் குடுத்தாவளா?"

டேவிட்சன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. இவன் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்தவனில்லை. ஏதோ ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கியிருக்கிறான். நேரே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அண்ணாச்சி முறைப்படி செய்கிறவர். சர்ட்டிபிகேட்டைப் போட்டோ எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குச் சரிபார்க்க அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "சான்றிதழ் சரியானது."

"அண்ணாச்சி, இது அநியாயம். நீங்களே பேசிக் கேளுங்க" என்று விஜிலா அழாத குறையாகச் சொன்னாள். அவளை எட்டு வருஷமாகப் பார்க்கிறவர், மனசு கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் பழக்கத்தில் டாக்டர் ஈவாஞ்சலினுக்கே போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேவிட்சனா? பார்த்தேன்" என்றார் அம்மாள், அதே கனிவோடு. "அவர் நம்மிடம் சேரவே இல்லை."

"சேராதவனுக்கு எப்படிம்மா டிகிரி?"

"சரிபார்ப்புப் பிரிவில் நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம், அண்ணாச்சி. இவருக்குப் பட்டம் உண்டு என்று சொன்னால் நம் மாணவர் எண்ணிக்கை குறையுமா? டேவிட்சன் பட்டியலில் இல்லை. இல்லாதவர் போக முடியாது. ஆகவே குறையாது. ஆகவே சரி. விஜிலா பட்டியலில் இருக்கிறாள். அவளை எப்படி விடுவது? மூன்று வருஷம் கண்ணும் கருத்துமாகப் படித்த பெண். அப்படிப்பட்ட ஒருத்தியை இழக்க எந்த நிறுவனத்துக்கு மனசு வரும்?"

விஜிலா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அப்ப நா என்ன செஞ்சா விடுவிய?"

"போவது என்ற பேச்சே வேண்டாமம்மா. நீ சேரவே இல்லை என்றால் மட்டும் ஒரு வழி இருக்கிறது. சேர்க்கை பிழையாகப் பதிவாகிவிட்டது, நான் இங்கே ஒருநாளும் படித்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தொடக்கத்து எண்ணிக்கையையே திருத்திவிடுவோம். இழப்பு என்று வராது. அப்புறம் நீயும் டேவிட்சனும் ஒன்றுதான். உனக்குச் சான்றிதழ் தருவதில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை."

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி வெகு நேரம் மேஜைக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "யுனிவர்சிட்டியே சரின்னு சொன்ன பொறவு நாம என்னளா சொல்ல? டேவிட்சன் இருந்துட்டுப் போறான். ஒனக்கு ரெண்டாவது சேரு இன்னும் இருக்கு. பேப்பரக் கொண்டா" என்றார்.

சாயங்காலம் வளன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். விஜிலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காஸ்ட் அக்கவுண்டிங் புரியாமல் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதது, சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலைக்கு நடுவே உட்கார்ந்து பரீட்சை எழுதியது, டாக்ஸ் பேப்பரில் தேறியபோது ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தது, எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் நடக்கவே இல்லை என்று எழுத வேண்டுமாம். கொலைகாரப் பாவிகள்!

"எழுதிக் குடுத்துட்டேன்னா நா படிக்கவே இல்லன்னு ஆயிரும்லா" என்றாள்.

வளன் வலையை மடியில் வைத்தான். "பேப்பருலதான ஆவும். நீ அடுப்படியில ஒக்காந்து படிச்சத நா பாத்தேன். ஞாபகத்த அவனுவ திருத்த முடியுமா? எழுதிக் குடுளா. பிள்ளையளுக்காவ வேல வேணும்லா."

அவள் எழுதினாள். "நான் ஒருநாளும் படித்ததில்லை" என்ற வரிக்குக் கீழே, படித்த பிள்ளைக்கே உரிய தெளிவான கையெழுத்தைப் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பெவின் கூப்பிட்டான். அவன் குரலில் என்றுமில்லாத உற்சாகம். "மேம், ஒங்க பேரு எடுத்தாச்சி. இப்ப நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. சர்ட்டிபிகேட் அடிக்கப் போறோம். எந்த கிளாஸ் போடட்டும்?"

"என் மார்க்கு அங்கன இருக்குல்லா தம்பி?"

"நீங்க படிக்கவே இல்லியே மேம், மார்க்கு எப்படி இருக்கும்? அழிஞ்சி போச்சி. பர்ஸ்ட் கிளாஸே போட்டுருதேன். டிஸ்டிங்ஷன் வேணும்னாலும் சொல்லுங்க, ஒரே செலவுதான்."

"செகண்ட் கிளாஸ்" என்றாள் விஜிலா. "நா வாங்குனது செகண்ட் கிளாஸ். அதத்தான் போடணும்."

"எல்லாரும் மேல கேப்பாவ மேம், நீங்க என்ன கீழ கேக்கிய?" என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது அந்த இரண்டாம் வகுப்பு ஒன்றுதான்; அதையும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

சர்ட்டிபிகேட் கூரியரில் மாசக் கடைசிக்கு முந்தின நாள் வந்தது. நல்ல கனத்த தாள், பொன் நிற முத்திரை. அதை மாதா கோயிலுக்கு எடுத்துப்போக அவளுக்கு மனசு வரவில்லை. நேரே ஆபீஸுக்குக் கொண்டுபோய் அண்ணாச்சி மேஜையில் வைத்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முறைப்படி சரிபார்க்கவும் அனுப்பினார்; "இவர் இங்கே படித்ததில்லை, சான்றிதழ் சரியானது" என்று பதில் வந்தது. முகம் மலர்ந்தது. "சபாஷ். இன்னையில இருந்து டேவிட்சனுக்குப் பக்கத்து சேரு ஒனக்கு" என்றார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, மேஜைமேல் சாய்ந்து, ரகசியக் குரலில் கேட்டார்.

"ஆனா ஏளா, வாங்குறதுதான் வாங்குத, பர்ஸ்ட் கிளாஸா வாங்கக்கூடாது? எவன்ட்ட குடுத்து எடுத்த? எத்தன நாளாச்சு?"

விஜிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷமும் அவள் செல்போனும் கையுமாகப் படித்ததைக் கண்ணால் கண்ட மனுஷர்.

"மூணு வருசம், அண்ணாச்சி."

அண்ணாச்சி நிஜமாகவே வருத்தப்பட்டார். உச்சுக் கொட்டினார்.

"டேவிட்சனுக்கு ரெண்டே நாளுல குடுத்திருக்கான். நல்லா ஏமாத்திப்புட்டானுவ ஒன்ன."